டயலரை மட்டும் மாற்றாதீர்கள்



“உங்கள் போனின் அடுத்த அப்டேட்டில் என்ன வேண்டும்?” என்று சென்ற இதழில் ஒரு மூலையில் கேட்டு வைத்தோம். கேமரா, கேம், ஏஐ என்று பட்டியல் வரும் என்பது அலுவலகத்தில் இளையவர்களின் கணிப்பு. வந்த கடிதங்களைப் பிரித்தபோது கணிப்பு தடம் மாறிவிட்டது. “அப்பா போனை எடுத்துப் பேசுகிற மாதிரி இருந்தால் போதும்” என்று எழுதியிருக்கிறார் ஒரு மகள். “மெமரி ஃபுல், மெமரி ஃபுல் என்று உயிரை எடுக்கக் கூடாது” என்கிறார் ஆட்டோ ஓட்டும் வாசகர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அஞ்சலட்டையில், முத்து முத்தான கையெழுத்தில், “எதையும் சேர்க்க வேண்டாம். இருப்பதை இருக்கிற இடத்தில் விட்டுவைத்தால் நலம்” என்று முடித்துக்கொண்டார். போனைப் பற்றிய குறையை அஞ்சலட்டையில் எழுதும் வாசகர் நமக்கு வாய்த்ததில் எங்களுக்குப் பெருமைதான்.

அந்த மகளும் தலைமையாசிரியரும் எதை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது உங்களில் பலருக்கு உடனே பிடிபட்டிருக்கும். 2025 ஆகஸ்டில் நம் ஊர் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டயலர் ராத்திரியோடு ராத்திரியாக மாறிப்போனதே, அந்தச் சமாசாரம்தான். கூகுளின் போன் செயலிக்குப் புதுத் தோற்றம் வந்தது. அடிக்கடி பேசுகிறவர்களின் பட்டியலும் சமீபத்திய அழைப்புகளும் ஒரே பக்கத்தில் கலந்தன. அழைப்பு வந்தால் மேலே தள்ளிப் பழகிய விரல், இனி பக்கவாட்டில் தள்ள வேண்டும் என்றானது. யாரும் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. அது இயங்குதள அப்டேட்கூட இல்லை, ப்ளே ஸ்டோர் வழியாக வந்த ஒரு செயலியின் மாற்றம் மட்டுமே. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்தவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மணி அடிக்க அடிக்க எடுக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு தவித்த பெரியவர்கள் எத்தனை பேர்! (இன்னும் தவிப்பவர்களுக்கு: போன் செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து, அதன் விவரப் பக்கத்தில் அப்டேட்டை நீக்கினால் பழைய வடிவம் திரும்பும். அதைச் செய்தவர்கள் அதிகம்.)

புதிய வடிவம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டைப்பைக்குள் இருக்கும்போது தவறுதலாக அழைப்பு எடுபடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கமும் உண்டு. என் வருத்தம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான். “பழையதே இருக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா?” என்று ஒரு கேள்வி, இரண்டு பட்டன். முடிந்தது வேலை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ல் ஆப்பிளும் போன் செயலியை மாற்றியது. ஆனால் பழைய வடிவத்தை வைத்துக்கொள்ளும் வசதியையும் உள்ளேயே கொடுத்தது. அதே அப்டேட்டில் திரை முழுவதையும் கண்ணாடிபோல் ஆக்கி, பின்னால் இருக்கும் படம் எழுத்தை விழுங்குகிறது என்ற புகாரையும் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. 26.1-ல் அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ள ஒரு வசதி வந்துவிட்டது. கேட்டால் கிடைக்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி.

கேட்டால் கிடைக்கிறது. எப்போது கிடைக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. 2007-ல் முதல் ஐபோன் வந்தபோது அதில் காப்பி-பேஸ்ட் கிடையாது என்றால் இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஓர் எண்ணைப் பார்த்து மனப்பாடம் செய்து இன்னோர் இடத்தில் அடிக்க வேண்டும். உலகமே கேட்டு ஓய்ந்த பிறகு, 2009-ல் மூன்றாம் பதிப்பில்தான் அது வந்தது. 2010-ல் வந்த ஐபேடில் கால்குலேட்டர் இல்லை. 2024 வரை இல்லை! பத்தாயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பலகையில் ஒரு கூட்டல் போட மூன்றாம் ஆள் செயலியை, அதன் விளம்பரத்தோடு சேர்த்து, இறக்க வேண்டியிருந்தது. ஐபோன் அலாரத்தில் ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று தள்ளிப்போட்டால் 9 நிமிடம்தான். அதை 5 ஆக்கவோ 15 ஆக்கவோ வழி பிறந்தது ஐஓஎஸ் 26-ல். ஒருவருடைய காலைத் தூக்கத்தை அவரே அளந்துகொள்ள இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். எந்தச் செயலியும் கேட்காமலே நோட்டிஃபிகேஷன் அனுப்பிக் குவிக்கும் உரிமையை உங்கள் போன் 2022 வரை, அதாவது 13-ம் பதிப்பு வரும்வரை, கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தக் காத்திருப்புகளிலேயே நீளமானது நம்முடையது. அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

2010, 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழில் வந்த குறுஞ்செய்தியைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். சில போன்களில் எழுத்து வரும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ்ப் பக்கங்களைப் படிக்க ஒரு குறுக்குவழி வாய்வழியாகவே பரவியது. ஓபரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ‘ஓபரா’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, உள்ளே ஓர் அமைப்பை ‘ஆம்’ என்று மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். போனுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்ததுபோல் நடிக்கும். எழுதுவதற்கும் அன்று இயங்குதளத்தை நம்பி யாரும் இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-லேயே செல்லினம் என்ற செயலியைக் கொண்டுவந்து, பட்டன் போன் காலத்திலேயே தமிழில் செய்தி அனுப்ப வைத்தார். பின்னாளில் 2013-ல், ஐஓஎஸ் 7-ல், தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் ஐபோனுக்குள்ளேயே இடம்பிடித்தன.

மெனு முழுவதும் தமிழில் வேண்டும் என்ற ஆசைக்கு ஆண்ட்ராய்டு 2014-ல், 5.0 பதிப்பில், கதவு திறந்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் எல்லாம் அதே அப்டேட்டில் சேர்ந்தே வந்தன. ஐபோன்? ஐஓஎஸ் 18.4 வரவேண்டியிருந்தது. 2025 வசந்தத்தில் தமிழ் உட்படப் பத்து மொழிகள் மெனுவுக்குள் நுழைந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 2019-லிருந்தே ஐபோன் பூட்டி முடித்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கன்வேயரில் நின்று அதைப் பூட்டிய பெண் தன் கையால் பூட்டிய போனைத் தன் மொழியில் திறக்க, அதற்குப் பிறகும் இத்தனை காலம் ஆனது.

வந்துவிட்டது, சரி. இனி என்ன வேண்டும் என்று கேட்டால், வாசகர்கள் சொல்வது பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. “தமிழ் மெனுவை வைத்தால் பாதிச் சொல் பட்டனுக்குள் அடங்காமல் மூன்று புள்ளியோடு நின்றுவிடுகிறது” என்கிறார் ஒருவர். உண்மை. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு வெட்டிய பட்டனில் நம் சொற்கள் உட்காரா. எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இன்னும் மோசம். தமிழ் மெனு தேவைப்படுகிற பெரியவர்களேதான் எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். வடிவமைக்கும் மேசையில் இந்த இரண்டையும் சேர்த்து ஒருவர் சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொரு கடிதம் இதைவிட நுட்பமானது. தொடர்புகளில் ‘முருகன் எலக்ட்ரீஷியன்’ என்று தமிழில் பதிந்து வைத்திருக்கிறார். அவசரத்தில் ஆங்கில எழுத்தில் முருகன் என்று தேடினால் பல போன்களில் ஆள் அகப்படுவதில்லை. தமிழில் பதிந்தவரை எந்த எழுத்தில் தேடினாலும் காட்ட வேண்டும் என்கிறார். எனக்கு வந்த கடிதங்களில் நான் முதல் மதிப்பெண் போடுவது இதற்குத்தான். பேசியதை எழுத்தாக்கும் வசதி கூகுள் விசைப்பலகையில் 2017-லேயே தமிழுக்கு வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்த நுட்பத்துக்கு ஒரு பெயரை இரண்டு எழுத்திலும் அடையாளம் காண்பது முடியாத காரியமா என்ன?

மொபைல் கடைக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. தமிழ் மெனு வைத்த போனைப் பழுதுக்குக் கொண்டுபோனால் முதல் வேலையாக ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள், எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு அந்த வரிசையில்தான் பழக்கம். திரும்பத் தமிழுக்கு மாற்றித் தர மறந்துவிடுவதும் உண்டு. கடைக்கார நண்பர்களே, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து மொழிக்கு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்றை ஐபோனுக்கு அனுப்பினால் செய்திச் செயலி அப்படியே விழுந்தது. ஒரே ஓர் எழுத்து! விளையாட்டுக்கு அனுப்பியவர்கள் உலகமெங்கும் கிளம்பினார்கள். ஆப்பிள் அவசரமாக 11.2.6 என்ற திருத்தத்தை வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் எழுதும் மொழியின் எழுத்து, உலகின் மிக விலையுயர்ந்த போன்களுக்கு விஷமாக இருந்ததை யாரும் முன்கூட்டியே பார்க்கவில்லை. புதிய வசதி கேட்பதற்கு முன்னால், எங்கள் எழுத்துகளைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பழைய போன் வைத்திருப்பவர்களின் கடிதங்களைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றில் ஆசையைவிடச் சந்தேகமே கூடுதல். “அப்டேட் போட்டால் போன் மெதுவாகிவிடும், புதுசு வாங்க வைக்கிற தந்திரம்” என்பது ஊரறிந்த பேச்சு. வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை ஓர் அப்டேட் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவே செய்தோம் என்றது. பயனரிடம் அதைச் சொல்லவில்லை என்பதற்காகப் பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்தச் சண்டையில் பிறந்ததுதான் ஐபோன் செட்டிங்ஸில் இன்று நாம் பார்க்கும் பேட்டரி ஆரோக்கியப் பக்கம். பேட்டரி எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பது 2018-க்கு முன்னால் வாங்கியவருக்கே தெரியாத ரகசியமாக இருந்தது.

அதே 2018-ல் நேர்மாறான ஒன்றும் நடந்தது. ஐஓஎஸ் 12-ஐ அறிவித்தபோது பழைய போன்களின் வேகத்தைத்தான் மேடையில் முன்னால் வைத்தார்கள். ஐபோன் 6 பிளஸில் செயலிகள் 40 சதவீதம் வரை வேகமாகத் திறக்கும் என்றார்கள். 2013-ல் வந்த 5எஸ் மாடலுக்கும் அந்தப் பதிப்பு கிடைத்தது. பளபளப்பு அதிகம் சேர்க்காமல், இருப்பதைத் துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பித் தந்ததுபோல ஓர் அப்டேட். என்னைக் கேட்டால் எல்லா நிறுவனங்களும் ஓராண்டு விட்டு ஓராண்டு இப்படி ஒன்று வெளியிட வேண்டும். மேடையில் புதிதாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இருக்காது என்பதால் செய்ய மாட்டார்கள்.

ஆண்ட்ராய்டில் பிரச்சினை வேறு. அங்கே அப்டேட் வந்து சேர்வதே பாடு. கூகுள் ஒரு பதிப்பை வெளியிட்டால், அதைச் சிப் தயாரிக்கும் நிறுவனம் தன் சிப்புக்கு ஏற்றபடி திருத்தும். போன் நிறுவனம் அதன்மேல் தன் சட்டையைப் போடும். சோதனை எல்லாம் முடிந்து நம் கைக்கு வருவதற்குள் கூகுள் அடுத்ததை அறிவித்திருக்கும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ல், சிப் சார்ந்த பகுதியையும் மற்ற பகுதியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 2019-ல் பாதுகாப்பு சார்ந்த சில பாகங்களை ப்ளே ஸ்டோர் வழியாக நேரே அனுப்ப வழி செய்தார்கள். நிலைமை தேறியிருக்கிறது. 2023-ல் பிக்சல் 8-க்கும் அடுத்த ஆண்டு கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் என்று வாக்குக் கொடுத்தார்கள். ‘அதெல்லாம் பணக்காரப் போன்’ என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு நல்ல சேதி: கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலைப் போனுக்கும் 6 ஆண்டு வாக்குறுதி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டு அப்டேட் என்று பேசுகிறது. விற்பனை தொடங்கிய நாளை வைத்துக் கணக்கிடாமல் நின்ற நாளை வைத்துக் கணக்கிடுவதுதான் அதில் விஷயம். கடையில் தள்ளுபடி விலைக்குக் கடைசியாக வாங்குகிறவரும் ஏமாறாமல் இருப்பார். நம் நாட்டிலும் இப்படி ஒரு விதி வேண்டும் என்பது இந்தப் பத்திரிகையின் கோரிக்கை, இதை வாசகர் ஆசையோடு சேர்க்காமல் எங்கள் பெயரிலேயே வைக்கிறோம்.

திரும்பிப் போக வழி வேண்டும் என்று கேட்டவர்கள் நிறைய. புது அப்டேட் பிடிக்கவில்லை என்றால் பழையதற்கே மாறுவது. இதில் நிறுவனங்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும், திருடனுக்கும் அதே வழி திறந்துவிடும். அதனால்தான் ஆப்பிள் சில நாளிலேயே பழைய பதிப்பை ஏற்றும் வழியை அடைத்துவிடுகிறது. இதற்கு ஒரு நடுவழி இருந்தது. 2021-ல், “ஐஓஎஸ் 14-லேயே இருந்துகொள்ளுங்கள், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் அனுப்புகிறோம்” என்று ஆப்பிள் கொஞ்ச காலம் சொன்னது. 2022 ஜனவரிக்குள் அதையும் நிறுத்திக்கொண்டது. தலைமையாசிரியர் அஞ்சலட்டையில் கேட்டது ஏறக்குறைய அதைத்தான். பூட்டைப் புதிதாக மாற்றுங்கள், வீட்டுச் சாமான்களைத் தொடாதீர்கள்.

ஒரு கோரிக்கைக்கு மட்டும் என்னால் கை தூக்க முடியவில்லை. எதிரில் பேசுகிறவருக்குத் தெரியாமல் அழைப்பைப் பதிவு செய்யும் வசதி. “கூகுள் டயலரில் ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது, அதை எடுக்கச் சொல்லுங்கள்” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 2024-ல் ஐஓஎஸ் 18.1-ல் வந்த பதிவு வசதியும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் பதிகிறது. கடன் வசூல்காரர்களின் மிரட்டலுக்கு ஆதாரம் வேண்டும் என்று எழுதியவரின் கஷ்டம் புரிகிறது. ஆனால் நாம் பேசுவதையும் இன்னொருவர் அப்படிப் பதிவார். கணவனும் மனைவியும், முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் அப்படிப் பதிந்து வைத்துக்கொள்ளும் ஊரில் போனில் என்ன பேச முடியும்? கோபித்துக்கொள்ளாதீர்கள், இது என் கருத்து. மறுத்து எழுதுங்கள், போடுகிறோம்.

ஆட்டோக்கார வாசகருக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. ஆண்ட்ராய்டு 15-ல் பயன்படுத்தாத செயலியைச் சுருட்டி வைக்கும் வசதி செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. செயலியின் உடல் போய்விடும், உங்கள் கணக்கும் தகவலும் தங்கும், ஐகானைத் தொட்டால் திரும்ப இறங்கும். ஐபோனில் இதுபோல ஒன்று 2017-லிருந்து உண்டு. ஆனாலும் உங்கள் மெமரியைத் தின்பது செயலியா, உறவினர்கள் அனுப்பும் காலை வணக்க ரோஜாக்களா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ரோஜாவைத் தடுக்கும் இயங்குதளம் இன்னும் வரவில்லை.

யாரும் கேட்காமலே வந்த நல்லதும் ஒன்று உண்டு. போனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால், அந்த வெடுக்கென்ற அசைவை உணர்ந்து திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி. பிரேசிலில் முதலில் சோதித்துப் பார்த்து, 2024 இறுதியில் ஆண்ட்ராய்டு 10-லிருந்து மேலே உள்ள போன்களுக்குக் கொடுத்தார்கள். புதிய பதிப்பு கிடைக்காத பழைய போனுக்கும் இது கிடைக்கும். ஆனால் தானாக இயங்கிக்கொண்டிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். செட்டிங்ஸில் திருட்டுப் பாதுகாப்பு என்று தேடி, அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவர்கள் இப்போதே பார்க்கலாம்.

கடைசியாக ஒரு கடிதம், இல்லை, குரல் பதிவு. பார்வையற்ற வாசகர் ஒருவர் அனுப்பியது. தொடுதிரை போன் வந்தபோது, பட்டனே இல்லாத கண்ணாடியைத் தங்களைப் போன்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவது என்று கலங்கிப்போனதாகச் சொல்கிறார். 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வந்தது, பிறகு ஆண்ட்ராய்டில் டாக்பேக். இன்று வங்கிக் கணக்கு முதல் பேருந்து டிக்கெட் வரை எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அவர் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? எந்தெந்தச் செயலியில் பட்டன்கள் பெயரை இழந்துவிட்டன என்று தடவிப் பார்ப்பது. செயலியை எழுதுகிறவர் பட்டனுக்குப் பெயர் கொடுக்காவிட்டால், திரை வாசிப்பான் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லும். எது பணம் அனுப்புவது, எது அழிப்பது என்று தெரியாது. பெயரில்லாத பட்டன் உள்ள செயலியை ப்ளே ஸ்டோரும் ஆப் ஸ்டோரும் உள்ளேயே விடக் கூடாது என்பது அவர் கேட்பது.

வந்த கோரிக்கைகளைத் தொகுத்து, கூகுளும் ஆப்பிளும் கருத்துக் கேட்க வைத்திருக்கும் பக்கங்களில் ஒவ்வொன்றாகப் பதியும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பட்டியலில் முதலாவதாகப் போவது பெயரில்லாத பட்டன், அடுத்தது முருகன் எலக்ட்ரீஷியன். இன்னும் எழுத நினைப்பவர்கள் போனின் மாடலையும் இயங்குதளப் பதிப்பையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ‘செட்டிங்ஸ்’ போய் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் இரண்டும் இருக்கும். “என் போன் சரியில்லை” என்று மட்டும் எழுதினால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அஞ்சலட்டையும் ஏற்கப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்